மியூசியம் எதுக்கு கேம் விடுது? வீட்டுல ஆடுற கேமும் ஹாலுக்குள்ள ஆடுற கேமும்

ஏதாவது ஒரு மியூசியம் மொபைல் கேம் விட்டிருக்குன்னு நியூஸ் வந்தா உடனே ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். ஏற்கனவே புள்ளைங்க போனை விட்டுத் தலையைத் தூக்குறதில்ல, இதுல மியூசியத்துக்குள்ளயும் போனான்னு ஒரு கோஷ்டி. காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறலைன்னா உள்ள தூசியும் வாட்ச்மேனும்தான் மிஞ்சுவாங்கன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆனா ரெண்டு பேரும் ஒரே சாமானைப் பத்திப் பேசல, அங்கதான் குழப்பமே. மியூசியம் கேம்னு ஒரே பேர் வச்சு கூப்பிடுறது நாலு விதமான வேலையை, அதுல ஒன்னுக்கு சரியா இருக்கிற கணக்கு இன்னொன்னுக்குப் பொருந்தாது, மியூசியம் நடத்துறவங்களே பல நேரம் இதுல குழம்பி நிக்கிறாங்க.

அடிப்படையில இருந்து பார்த்துட்டு வருவோம்.

முதல்ல பேரைப் பிரிச்சுக்குவோம்

1. வீட்டு கேம். மியூசியம் காசு போட்டுச் செய்யும், ஆனா ஆடுறவர் பஸ்ல இருக்கலாம், பெட்ல படுத்திருக்கலாம், வேற நாட்டுல இருக்கலாம். மியூசியத்துக்குள்ள கால் வைக்கணும்னு கட்டாயம் இல்ல. அந்த மியூசியம்னு ஒன்னு இருக்குன்னு தெரியணும், ஒரு ஆசை வரணும், அதுதான் நோக்கம்.

2. ஹால் கேம். சிலை முன்னாடியோ பெயிண்டிங் முன்னாடியோ நேர்ல நின்னாத்தான் ஆட முடியும். வீட்டுல திறந்தா ஒன்னும் நடக்காது. உள்ள வந்துட்ட ஆளை நின்னு பார்க்க வைக்கிறது இதோட வேலை.

3. பாயிண்ட் ஒட்டுறது. கேமிஃபிகேஷன்னு சொல்றாங்களே, அது. அதே பழைய ஆடியோ கைடுதான், பத்து இடம் பார்த்தா ஒரு பேட்ஜ், இருபது பார்த்தா இன்னொரு பேட்ஜ்னு மேல ஒட்டியிருப்பாங்க. ஹோம்வொர்க் நோட்டுல டீச்சர் ஸ்டார் போடுற மாதிரி. ஸ்டார் போட்டதால ஹோம்வொர்க் விளையாட்டா ஆயிடாது.

4. வெளியாள் கேம். மியூசியத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது, யாரோ ஒரு கம்பெனி செஞ்சது, ஆனா மியூசியத்துக்குள்ள வந்து ஆடுவாங்க. நிஜ ஊருக்குள்ள நடந்து போய் போன்ல தெரியுற கார்ட்டூன் ஜந்துக்களைப் பிடிக்கிற போக்கிமான் கோ இதுக்கு சரியான உதாரணம்.

ஏஆர்னு ஒன்னு அடிக்கடி காதுல விழும், அது தனி வகை இல்ல, ஒரு டெக்னிக் அவ்வளவுதான். போன் கேமராவுல எதிர்ல இருக்கிறது தெரியும், அது மேலயே கம்ப்யூட்டர் வரைஞ்ச படத்தை ஒட்டிக் காட்டும். இதை வச்சு நல்ல கேமும் செய்யலாம், வெட்டி கேமும் செய்யலாம்.

உள்ள வந்தவங்க என்ன பண்றாங்க

கேம் எதுக்குன்னு கேக்குறதுக்கு முன்னாடி, கேம் இல்லாம என்ன நடக்குதுன்னு பார்க்கணும். நியூயார்க்ல இருக்கிற மெட்ரோபாலிடன் மியூசியத்துல ஆறு ஓவியங்களுக்கு முன்னாடி ஆளுங்க எவ்வளவு நேரம் நிக்கிறாங்கன்னு ஜெஃப்ரி ஸ்மித், லிசா ஸ்மித்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்து 2001-ல வெளியிட்டாங்க. சராசரி 27.2 வினாடி. இந்த சராசரியையும் ரொம்ப நேரம் நின்ன சில பேர்தான் தூக்கி விட்டிருக்காங்க, வரிசைப்படுத்தி நடுவுல இருக்கிற ஆளை எடுத்தா 17 வினாடிதான். பக்கத்துல ஒட்டியிருக்கிற லேபிளைப் படிக்கிற நேரமும் இதுக்குள்ளயே அடக்கம். இவங்க எல்லாம் டிக்கெட் எடுத்து ஆசையா வந்த பெரியவங்க, அவங்க நிலைமையே இதுன்னா, ஸ்கூல் டூர்ல ரெண்டு ரெண்டு பேரா கையைப் பிடிச்சு வரிசையில வந்த பத்து வயசுப் பையன் எவ்வளவு நேரம் நிப்பான்னு சொல்லவே வேணாம்.

டிக்கெட் விலையைக் குறைச்சா பசங்க வருவாங்கன்னு ஒரு பதில் எப்பவும் வரும். இத்தாலியைப் பாருங்க, அங்க அரசு மியூசியங்கள்ல 18 வயசுக்குக் கீழ இருந்தா ஏற்கனவே ஃப்ரீ, 18-ல இருந்து 25 வரைக்கும் 2019-ல இருந்து வெறும் 2 யூரோ. அப்படியும் பசங்களை எப்படி வர வைக்கிறதுன்னுதான் அங்கயும் மண்டையை உடைச்சுக்கிறாங்க, அப்போ வாசல்ல தடுக்கிறது காசு மட்டும் இல்லன்னு தெரியுது. லேபிளை எழுதுறவர் தன் துறை ஆளுங்களை மனசுல வச்சு எழுதுறார், இந்த நூற்றாண்டு, இந்தப் பாணி, இந்த மூலத்தோட நகல்னு. அதைப் படிச்சிட்டு ஒரு பையன் அடுத்து செய்யறதுக்கு ஒன்னுமே இல்ல. தொடக்கூடாது, ஓடக்கூடாது, சத்தம் போடக்கூடாது, செய்யக்கூடாததுக்குத்தான் போர்டு இருக்கு, என்ன செய்யலாம்னு ஒரு போர்டும் கிடையாது. கேமுங்கிறது அந்த இடத்துலதான் நுழையுது.

நேப்பிள்ஸ் மியூசியம் செஞ்சது

வீட்டு கேமுக்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டுற கேஸ் இத்தாலியில இருக்கிற நேப்பிள்ஸ் தேசிய தொல்லியல் மியூசியம். எரிமலை வெடிச்சு மூடின பாம்பேய் ஊர்ல தோண்டி எடுத்த சாமான்ல முக்கியமானது நிறைய இங்கதான் இருக்கு. 2017 ஏப்ரல்ல இவங்க ‘ஃபாதர் அண்ட் சன்’னு ஒரு மொபைல் கேமை ஃப்ரீயா விட்டாங்க. விளம்பரம் இல்ல, உள்ள காசு கேக்குற வேலையும் இல்ல. செஞ்சது ஃபாபியோ வியோலாங்கிற கேம் டிசைனரோட டுவோமுசேயோ குழு.

கதை சிம்பிள். மைக்கேல்னு ஒரு பையன், அப்பா தொல்லியல் ஆராய்ச்சியாளர், மகன் அவரைப் பார்த்ததே இல்ல. அப்பா இறந்ததுக்கு அப்புறம் ஒரு லெட்டர் கிடைக்குது, அதைப் பிடிச்சுக்கிட்டு நேப்பிள்ஸ் வர்றான். தெருவுல நடக்குறான், மியூசியத்துக்குள்ள போறான், ஒரு பொருள் முன்னாடி நின்னா அந்தக் காலத்துக்கே போயிடுறான். எரிமலை வெடிக்கப் போற பாம்பேய், பழைய எகிப்து, போர்பன் ராஜாக்கள் ஆண்ட நேப்பிள்ஸ். சைடுல நடந்து போற மாதிரியான 2டி படம்தான், கையால வரைஞ்ச மாதிரி இருக்கும். சுடறது, தாண்டுறது, சாகுறது எதுவும் கிடையாது, சில மணி நேரத்துல முடிஞ்சிடும்.

இதுல கவனிக்க வேண்டியது, பாடம் நடத்தல. இந்தச் சிலை இத்தனாவது நூற்றாண்டுன்னு ஒரு கேள்வியும் கேக்க மாட்டாங்க. அப்பனைத் தேடுற மகன் கதைக்குள்ள மியூசியம் ஒரு இடமா வருது, நம்ம ஊர் சினிமாவுல ஒரு ஊரைக் காட்டினதும் அந்த ஊருக்குப் போகணும்னு கிளம்புறாங்களே, அந்த மாதிரி. ஒரு சின்ன தூண்டிலும் வச்சிருந்தாங்க, நேர்ல நேப்பிள்ஸ் மியூசியத்துக்குப் போய் செக்-இன் பண்ணினா கேம்ல பூட்டியிருக்கிற சில விஷயங்கள் திறக்கும், மைக்கேலுக்குப் போட புது டிரஸ்கூட கிடைக்கும். வீட்டு கேமையும் நேர்ல வர்றதையும் ஒரு நூல் கட்டி இழுத்த மாதிரி.

டவுன்லோடு 40 லட்சத்தைத் தாண்டிடுச்சு. ஒரு தொல்லியல் மியூசியத்துக்கு இது நெனச்சுக்கூடப் பார்க்க முடியாத எண்ணிக்கை.

இப்ப கணக்குக்கு வருவோம், ஏன்னா நியூஸ்ல தப்பா வர்றது இங்கதான். இந்த மியூசியத்துக்கு 2015-ல வந்தவங்க 4 லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி, 2019-ல ஆறரை லட்சத்துக்கு மேல. உடனே கேம் விட்டாங்க கூட்டம் வந்துடுச்சுன்னு எழுதிடுறாங்க. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடுற வேலை இது. அதே அஞ்சு வருஷத்துல வேற என்னெல்லாம் நடந்துச்சுன்னு பாருங்க:

1. இத்தாலி அரசு பெரிய மியூசியங்களுக்குத் தன்னாட்சி குடுத்துச்சு, 2015-ல பாவ்லோ ஜுலியெரினி புது டைரக்டரா வந்தார், நிர்வாகமே மாறிடுச்சு. கேம் ஐடியாவுக்கு ஓகே சொன்னதும் அவர்தான், மத்த மாற்றங்களைக் கொண்டுவந்ததும் அவர்தான்.
2. வருஷக்கணக்கா மூடிக் கிடந்த எகிப்து பகுதி 2016 அக்டோபர்ல திரும்பத் திறந்துச்சு.
3. நேப்பிள்ஸ் ஊருக்கே அந்த வருஷங்கள்ல டூரிஸ்ட் கூட்டம் ஏறிக்கிட்டே இருந்துச்சு.

இதுல கேமோட பங்கு எவ்வளவுன்னு பிரிச்சு எடுக்க வழியே இல்ல. அதுக்காக கேம் வேஸ்ட்னும் சொல்ல முடியாது, 40 லட்சம் போன்ல அந்த மியூசியத்தோட பேர் போய் உக்காந்துச்சு, அதுல பல பேர் இத்தாலிப் பக்கமே வந்திருக்க மாட்டாங்க. ஆனா டவுன்லோடை வச்சு மார்க் போடணும்னா, விளம்பரத்துக்கு எப்படி மார்க் போடுவோமோ அப்படித்தான் போடணும். பொருளைப் பார்த்தாங்களான்னு கேட்டா அதுக்கு அந்த எண்ல பதில் கிடையாது.

வீட்டு கேம் விளம்பரத்தோட நின்னுடும்னும் இல்ல. லண்டன்ல இருக்கிற மியூசியமான வெல்கம் கலெக்‌ஷன் 2011-ல ‘ஹை டீ’ன்னு ஒரு கேம் விட்டாங்க, அது மொபைல் இல்ல, பிரவுசர்ல ஆடுறது, இருந்தாலும் இங்க சொல்லியே ஆகணும். போதைப் பொருள்களோட வரலாறு பத்தி அவங்க வச்சிருந்த கண்காட்சிக்காகச் செஞ்சது. நீங்க 1830-கள்ல சீனக் கடற்கரையில இருக்கிற ஒரு பிரிட்டிஷ் வியாபாரி. ஊருக்குத் தேயிலை அனுப்பணும், தேயிலை வாங்க வெள்ளி வேணும், வெள்ளி வேணும்னா அபின் விக்கணும். எந்தத் துறைமுகத்துல என்ன விலைன்னு பார்த்து விக்கிறதுலயே மூழ்கிடுவோம், லாபம் ஏற ஏற கை பரபரக்கும், முடிச்சப்புறம்தான் இவ்வளவு நேரம் என்ன வித்தோம்னு உறைக்கும். பிரிட்டனும் சீனாவும் மோதின அபின் போருக்கு என்ன காரணம்னு நாலு பாரா லேபிள் எழுதலாம், ஆனா இந்தக் குறுகுறுப்பை லேபிள்ல எழுத முடியாது. இதை அவங்க தங்களோட சைட்டுல மட்டும் வச்சுக்கிட்டு உக்காரல, கேம் பசங்க கூடுற சைட்டுகள்லயே கொண்டுபோய் விட்டாங்க, லட்சக்கணக்குல ஆடினாங்க. மியூசியம்னு தெரியாமலே ஆடினவங்க நிறைய.

ஹாலுக்குள்ள ஆடுறது: தலை நிமிருதா?

ஹால் கேமுக்கு கணக்கே வேற. இங்க டவுன்லோடு எண்ணிக்கைக்கு மதிப்பு ரொம்பக் கம்மி. ஒரே ஒரு பரிட்சைதான்: கேமைத் தொடரணும்னா போன்ல இருந்து தலையைத் தூக்கிப் பொருளைப் பார்த்தே ஆகணுமா, இல்ல பார்க்காமலே தொடரலாமா? பார்க்காமலே தொடரலாம்னா அது சிலைக்குப் பக்கத்துல நின்னு ஆடுற சாதா கேம்.

நேப்பிள்ஸ் மியூசியத்துல இருக்கிற ஒரு சிலையையே எடுத்துக்குவோம். ஃபர்னீஸ் ஹெர்குலிஸ்னு சொல்லுவாங்க, கிரேக்கக் கதைகள்ல வர்ற பலசாலி, மூணு மீட்டருக்கு மேல உயரம், ரோம்ல கராகல்லா குளியல் மண்டபத்துல தோண்டும்போது 16-ம் நூற்றாண்டுல கிடைச்சது. ஆள் மலை மாதிரி இருப்பார், ஆனா களைச்சுப்போய் கதாயுதத்து மேல சாஞ்சு நிக்கிறார், இடுப்புக்குப் பின்னால வலது கையைக் கொண்டுபோய் வச்சிருக்கார். முன்னாடி இருந்து ஒரு போட்டோ எடுத்துட்டுப் போறவங்களுக்கு அந்தக் கையில என்ன இருக்குன்னு தெரியவே தெரியாது. பின்னாடி சுத்தி வந்தாத்தான் தெரியும், மூணு ஆப்பிள். அவர் செஞ்ச பன்னெண்டு வேலையில ஒன்னு, ஹெஸ்பெரிடிஸ்ங்கிற தேவதைகளோட தோட்டத்துல இருந்து தங்க ஆப்பிள் கொண்டு வர்றது, அதை முடிச்சிட்ட களைப்புதான் முன்னாடி முகத்துல தெரியுது.

இதை வச்சு மூணு விதமா கேம் செய்யலாம்:

1. இந்தச் சிலை செஞ்சது யார்னு நாலு ஆப்ஷன் குடுக்கிறது. பையன் லேபிளைப் பார்த்து ஒன்னைத் தட்டுவான், இல்ல நாலையும் மாத்தி மாத்தித் தட்டுவான். சிலையைப் பார்க்க மாட்டான்.
2. கேமராவைக் காட்டினா ஹெர்குலிஸ் கண்ணைத் திறந்து பேசுறார். பார்க்க ஜோரா இருக்கும், ஆனா கண்ணு இருக்கிறது ஸ்க்ரீன்ல, கல்லுல இல்ல.
3. முதுகுக்குப் பின்னால என்ன ஒளிச்சு வச்சிருக்கார்னு மட்டும் கேட்டுட்டு சும்மா இருக்கிறது. பையன் சிலையைச் சுத்தி ஓடுவான். போன் பாக்கெட்ல இருந்தாலும் ஓடுவான்.

மூணாவதுதான் ஹால் கேம். செலவும் அதுக்குத்தான் கம்மி, ஆனா பிரசன்டேஷன்ல காட்ட கெத்தா இருக்காதுங்கிறதால ரெண்டாவதுக்குத்தான் பட்ஜெட் கிடைக்கும்.

அதே மியூசியத்துல பாம்பேய்ல இருந்து வந்த அலெக்சாண்டர் மொசைக் இருக்கு, சின்னச் சின்னக் கல்லு லட்சக்கணக்குல பதிச்சது. அலெக்சாண்டர் ஒரு பக்கம் பாயுறார், பாரசீக ராஜா டேரியஸ் தேர்ல திரும்பிப் பார்த்துக்கிட்டே ஓடுறார், எல்லாரும் இந்த ரெண்டு பேரைத்தான் பார்ப்பாங்க. கீழ தேர் சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு பாரசீக வீரன் விழுந்து கிடப்பான், முதுகைத்தான் காட்டிக்கிட்டு இருப்பான், ஆனா பளபளன்னு இருக்கிற கேடயத்துல அவன் முகம் தெரியும். சாகப் போறவன் தன் முகத்தைத் தானே பார்க்கிறான். இந்தப் படத்துல ஒருத்தர் முகம் கண்ணாடியில மட்டும் தெரியுது, யாருன்னு கண்டுபிடின்னு ஒரு வரி குடுத்தா போதும், 17 வினாடியில நகர்ற ஆள் அஞ்சு நிமிஷம் நிப்பார்.

நடைமுறையில இந்த மாதிரி யோசிச்சவங்க இல்லாம இல்ல. லண்டன்ல மாடர்ன் ஆர்ட் மியூசியமான டேட் மாடர்ன் 2010-ல ஐபோனுக்கு ‘டேட் ட்ரம்ப்ஸ்’னு ஒரு கேம் விட்டாங்க, ஹைட் அண்ட் சீக்ங்கிற குழு செஞ்சது. நாம சின்ன வயசுல கிரிக்கெட் ப்ளேயர், மல்யுத்த வீரன் படம் போட்ட சீட்டு வச்சு ரன் எவ்வளவு, வெயிட் எவ்வளவுன்னு மோதுவோமே, அந்த ட்ரம்ப் கார்டுதான். கேலரியில நடந்து உங்களுக்குப் பிடிச்ச கலைப்பொருளை கார்டா சேர்க்கணும், அப்புறம் ஃப்ரெண்ட்ஸ் ஒன்னா கூடி மோதணும். மூணு விதமா ஆடலாம். சண்டை மோடுல, இந்தச் சிலை உயிரோட வந்தா சண்டையில ஜெயிக்குமா? மூட் மோடுல, இது பயமுறுத்துதா, குஷியாக்குதா, கிறுக்குத்தனமா இருக்கா? கலெக்டர் மோடுல, இதைத் தூக்கிட்டுப் போய் உங்க வீட்டுல வைக்கிறதுன்னா எதை வைப்பீங்க?

சண்டையில ஜெயிக்குமாங்கிற கேள்வி மட்டமா தெரியும், சில பேர் முகம் சுளிச்சிருப்பாங்க. ஆனா அதுக்குப் பதில் சொல்லணும்னா அந்தச் சிலை எவ்வளவு பெருசு, எதுல செஞ்சது, கூர்மையா இருக்கா, நிக்கிற தோரணை என்னன்னு முழுசாப் பார்க்கணும். கலை விமர்சகர் பார்க்கிறதும் அதையேதான், அவர் வேற வார்த்தை போடுவார். மாடர்ன் ஆர்ட் முன்னாடி எனக்கு ஒன்னும் புரியலைன்னு கூச்சத்தோட நிக்கிறவனுக்கு, சரி தப்பு இல்லாத ஒரு கேள்வியைக் கையில குடுத்தாங்க பாருங்க, என் கணக்குல அதுதான் அந்த கேமோட சாமர்த்தியம்.

பிரிட்டிஷ் மியூசியம், பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தினான்ல இருந்து வந்த சிற்பங்கள் இருக்கிற ஹால்ல 2014-ல ‘எ கிஃப்ட் ஃபார் அதீனா’ன்னு ஒன்னு நடத்தினாங்க. டேப்லட்டை அவங்களே குடுத்துடுவாங்க, அதுல ஒரு சிலையோட வெளிக்கோடு மட்டும் தெரியும், எந்தச் சிலைன்னு ஹால்ல தேடிக் கண்டுபிடிச்சு கோட்டோட பொருத்தணும். கை உடைஞ்சு தலை போன சிலைகள் இருக்கிற ஹால்ல வெளிக்கோட்டை வச்சுத் தேடுறதுன்னா ஒவ்வொன்னையும் உத்துப் பார்க்காம முடியாது. ஏஆரை வச்சும் தலையை நிமிர்த்த முடியும்ங்கிறதுக்கு இது ஒரு உதாரணம்.

ஏஆர் தன் வேலையைச் சரியா செய்யற இன்னொரு இடம், கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும்போது. வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் இயற்கை வரலாறு மியூசியத்துல எலும்புக்கூடு ஹால் ஒன்னு இருக்கு, 1960-கள்ல வச்ச மாதிரியே இருந்துச்சு, ஜனங்க வேகமா நடந்து கடந்துட்டுப் போயிடுவாங்க. 2015-ல ஒரு ஆப் விட்டாங்க, எலும்புக்கூட்டுக்கு நேரா போனைப் பிடிச்சா அதுமேல தோல் போர்த்தி மிருகம் உயிரோட அசையும். முழுக்க கேம்னு சொல்ல முடியாது, ஆனா எலும்பு எதுக்கு அந்த வடிவத்துல இருக்குங்கிற கேள்விக்கு ஏஆர் நேரடியா பதில் சொல்லுது. பேசுற ஹெர்குலிஸுக்கும் இதுக்கும் வித்தியாசம் அதுதான்.

போக்கிமான் கோ வந்தப்போ என்ன ஆச்சு

2016 ஜூலையில இந்த கேம் வந்ததும் உலகம் முழுக்க மியூசியம் வாசல்ல கூட்டம். கேம் மேப்புல போக்கிஸ்டாப்னு இடங்கள் இருக்கும், அங்க போனாத்தான் சாமான் கிடைக்கும், நியாண்டிக் கம்பெனி தன்னோட பழைய கேம் இன்க்ரெஸ்ல சேர்ந்திருந்த இடங்களை எடுத்துப் போட்டதால மியூசியம், சிலை, நினைவுச்சின்னம் எல்லாம் தானா ஸ்டாப் ஆயிடுச்சு. யாரும் யார்கிட்டயும் கேக்கல.

சில மியூசியங்கள் வாங்க வாங்கன்னு போர்டு வச்சாங்க. ஆனா வாஷிங்டன்ல இருக்கிற, நாஜிக்கள் கொன்ன யூதர்களுக்கான ஹோலோகாஸ்ட் நினைவு மியூசியத்துக்குள்ளயும் ஸ்டாப் இருந்துச்சு. விஷ வாயு விடுற ஒரு போக்கிமான் அங்க நிக்கிற மாதிரி ஒரு ஸ்க்ரீன்ஷாட் சுத்துச்சு, விஷ வாயுவுல கொன்ன லட்சக்கணக்கான பேரோட நினைவா இருக்கிற இடத்துல. இங்க ஆடாதீங்கன்னு மியூசியம் வெளிப்படையா கேட்டுக்கிச்சு, போலந்துல நாஜி முகாம் இருந்த ஆஷ்விட்ஸ் நினைவகமும் கேட்டுச்சு. ஹிரோஷிமா அமைதிப் பூங்காவுல ஆகஸ்ட் 6 அணுகுண்டு நினைவு நாளுக்கு முன்னாடி எடுத்துடுங்கன்னு சொல்லி எடுக்க வச்சாங்க.

இதுல இருந்து வர்ற விளைவு ரெண்டு. ஒன்னு, கூட்டம் வந்தது பொருளுக்காக இல்ல, மேப்புல இருந்த புள்ளிக்காக, கேமோட மோகம் கொறைஞ்சதும் கூட்டமும் கரைஞ்சிடுச்சு. ரெண்டு, ஒரு இடத்துல என்ன விளையாடலாம், விளையாடவே கூடாதான்னு முடிவு பண்ற உரிமை மியூசியத்துக்கிட்ட இல்லாம போயிடுது. சொந்தமா கேம் செய்யறதுக்கு இது ஒரு வலுவான காரணம், யாரும் இதைப் பெருசா பேசுறதில்ல.

செய்யப் போனா இடிக்கிற இடங்கள்

1. ஜிபிஎஸ் உள்ள எடுக்காது. சாட்டிலைட் சிக்னல் கட்டடத்துக்குள்ள பலவீனம், பழைய மியூசியத்தோட தடி தடிச் சுவருக்குள்ள சுத்தம். மியூசியத்துக்கு வந்துட்டார்னு தெரியும், எந்தச் சிலை முன்னாடி நிக்கிறார்னு தெரியாது.
2. அதுக்கு மாத்தா பீக்கன் வைக்கலாம், ப்ளூடூத் சிக்னல் விடுற சின்ன டப்பா, ஆப்பிள் 2013-ல ஐபீக்கன்னு கொண்டு வந்ததும் மியூசியங்கள் ஆர்வமா ஒட்டினாங்க. பேட்டரி தீரும், யாராவது ஏணி வச்சு ஏறி மாத்தணும். கடைசியில பல பேர் க்யூஆர் கோடுக்கே வந்துட்டாங்க.
3. டவுன்லோடு. வாசல்ல நின்னு, வைஃபை திணறும்போது, நூறு எம்பிக்கு மேல ஒரு ஆப்பை இறக்கி, ஒரு மணி நேரம் ஆடிட்டு அழிக்கணும். பாதிப் பேர் இந்தக் கட்டத்துலயே கழண்டுக்குவாங்க.
4. போன் யாரோடது? எட்டு வயசுப் புள்ளைக்கு ஏது போன், அம்மாவோடதுதான். அம்மாவுக்கு ஆபீஸ்ல இருந்து கால் வரும், சார்ஜ் 20 பர்சன்ட்ல இருக்கும், இதுல கேமராவைத் திறந்து வச்சு ஏஆர் ஓட்டினா எவ்வளவு நேரம் தாங்கும். அதனாலதான் சில மியூசியங்கள் கருவியை அவங்களே குடுக்கிறாங்க, லூவ்ர் மியூசியம் 2012-ல கைடுக்காக 5,000 நின்டெண்டோ 3டிஎஸ் இறக்கினது அப்படித்தான். ஆனா அப்புறம் சார்ஜ் போடுறது, துடைக்கிறது, தொலைஞ்சதைத் தேடுறது எல்லாம் தனி வேலை.

இதெல்லாம்கூட சமாளிச்சிடலாம், அடுத்ததுதான் ஆளைக் கவுக்கிறது.

கேமுக்கு ஆயுசு கம்மி

மியூசியம் ரெண்டாயிரம் வருஷத்துச் சாமானைப் பாதுகாக்கிற இடம், ஆனா அவங்க விடுற ஆப் அஞ்சு வருஷம் ஓடினா பெருசு. ஆப்பிள் 2017 செப்டம்பர்ல ஐஓஎஸ் 11 விட்டப்போ 32-பிட் ஆப்களை மொத்தமா நிறுத்திட்டாங்க, அதாவது பழைய முறையில எழுதின ஆப்பை மாத்தி எழுதலைன்னா புது போன்ல திறக்கவே திறக்காது. மாத்தி எழுத யார் காசு குடுப்பா? கேம் செஞ்சது ஒரு கண்காட்சியோட பட்ஜெட்ல, கண்காட்சி முடிஞ்சு போச்சு, செஞ்ச கம்பெனி வேற வேலைக்குப் போயிடுச்சு. பிரவுசர் கேம்களுக்கும் இதே கதிதான், அந்தக் காலத்துல பெரும்பாலும் பிரவுசர்ல கேம் ஓட்டுற ஃப்ளாஷ்ங்கிற சாஃப்ட்வேர்ல செஞ்சாங்க, அடோபி 2020 டிசம்பர் 31-ஓட ஃப்ளாஷுக்கு மூடு விழா நடத்திடுச்சு.

கேம் செய்யற செலவுன்னு டெண்டர்ல போடுறது முதல் வருஷச் செலவை மட்டும்தான். வருஷா வருஷம் புது ஆண்ட்ராய்டு, புது ஐஓஎஸ் வர்றதுக்கு ஏத்த மாதிரி பழுது பார்க்கிற செலவை யாரும் எழுதுறதில்ல, அதை எழுதினா ஃபைல் பாஸ் ஆகாது.

புள்ளைங்க டேட்டா

ஆடுறது சின்னப் பசங்க, ஆப்ல லொகேஷன் கேக்கும், கேமரா கேக்கும், சில நேரம் பேரும் வயசும் கேக்கும். சட்டம் இங்க குறுக்க வருது. அமெரிக்காவுல 1998-ல போட்ட காப்பா சட்டப்படி 13 வயசுக்குக் கீழ இருக்கிற புள்ளைங்ககிட்ட டேட்டா எடுக்கணும்னா பெத்தவங்க சம்மதம் வேணும். ஐரோப்பாவுல ஜிடிபிஆர்ங்கிற டேட்டா பாதுகாப்புச் சட்டம், வயசு வரம்பு 16, நாடுகள் விருப்பப்பட்டா 13 வரைக்கும் இறக்கிக்கலாம், இத்தாலி 14-ன்னு வச்சிருக்கு. இந்தியாவுல 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசு வரைக்கும் குழந்தைதான், பெத்தவங்க சம்மதத்தை சரிபார்க்கிற மாதிரி வாங்கணும், புள்ளைங்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கிறதும், அதை வச்சு விளம்பரம் காட்டுறதும் பொதுவா தடை.

அதாவது எத்தனை நிமிஷம் எந்தச் சிலை முன்னாடி நின்னான்னு மியூசியம் தெரிஞ்சுக்க ஆசைப்படுற அந்த டேட்டாதான் சட்டத்துல மாட்டக்கூடியது. பேர், லாகின், லொகேஷன் எதுவும் கேக்காத கேமா செஞ்சுட்டா இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்ல, ஆனா அப்போ கேமால பலன் இருந்துச்சான்னு அளக்க ஆளை நிறுத்தி கடிகாரம் வச்சுத்தான் பார்க்கணும், ஸ்மித் ரெண்டு பேரும் பார்த்த மாதிரி.

அப்போ பேப்பர் போதுமே?

நியாயமான கேள்வி. ஹெர்குலிஸ் முதுகுக்குப் பின்னால என்ன இருக்குன்னு கேக்க ஒரு அட்டை போதும். டேட் ட்ரம்ப்ஸ் சண்டையை நாலு புள்ளைங்க வாயாலயே ஆடிடலாம். பல ஊர் மியூசியங்கள்ல தேடிக் கண்டுபிடின்னு ஒரு ஷீட்டும் பென்சிலும் குடுக்கிறாங்க, நல்லாவே ஓடுது, அப்டேட்டும் கேக்காது.

பேப்பரால முடியாதது மூணு இருக்கு, போனுக்குச் செலவு பண்ணணும்னா இந்த மூணுல ஒன்னுக்காகத்தான் பண்ணணும். எலும்புக்கு மேல தோலைப் போர்த்துற மாதிரி இல்லாததைக் காட்டுறது. அபின் வியாபாரம் மாதிரி, நீங்க ஒன்னு செஞ்சா அதுக்கு ஏத்த மாதிரி விலையும் நிலைமையும் மாறுற ஒரு கணக்கை ஓட விடுறது. மூணாவது, ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற ஒருத்தன் கையில போய் சேர்றது, மைக்கேல் போய் சேர்ந்த மாதிரி. சரியான விடையைத் தட்டினா பட்டாசு வெடிக்கிற க்விஸ் இந்த மூணுலயும் வராது, இருந்தும் மியூசியம் கேம்னு வர்றதுல நிறைய அந்த க்விஸ்தான்.